மிதிக்கு இணங்கும் மோட்டார்: மின்சைக்கிள் அமைப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெடலில் கால் வைத்ததும் வண்டி துள்ளிப் பாய்கிறது. இல்லையென்றால், அரைச் சுற்று மிதித்த பிறகுதான் மோட்டார் வேலையைத் தொடங்குகிறது. மிதிப்பதை நிறுத்திய பிறகும் தள்ளிக்கொண்டே போகிறது. மின்சைக்கிள் ஓட்டுபவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் குறைகள் இவை. பலரும் மோட்டாரையே பழிக்கிறார்கள். பெரும்பாலும் பழுது மோட்டாரில் இருப்பதில்லை, அதற்குக் கட்டளையிடும் கன்ட்ரோலரின் அமைப்புகளில் இருக்கிறது.

இயல்பான மிதி உணர்வு என்று எதைச் சொல்கிறீர்கள்?

மோட்டார் எப்போது தொடங்குகிறது, எவ்வளவு தள்ளுகிறது, எப்போது நிற்கிறது ஆகிய மூன்றும் காலின் செயலோடு ஒத்துப்போனால் அதுவே இயல்பான உணர்வு. மெதுவாக அழுத்தினால் மெதுவான உதவி, ஊன்றி அழுத்தினால் கூடுதல் உதவி, காலை நிறுத்தினால் உதவியும் நிற்க வேண்டும். மோட்டாரின் வாட் கணக்குக்கும் இதற்கும் அதிகத் தொடர்பு இல்லை. 250 வாட் மோட்டார் முரட்டுத்தனமாக நடந்துகொள்வதும் உண்டு, 1000 வாட் மோட்டார் பணிவாக இணங்குவதும் உண்டு. ஆகவே இங்கே சொல்லப்போகும் மாற்றங்களில் பெரும்பாலானவை எதையாவது குறைப்பவைதான்.

என் வண்டியில் எந்த வகை சென்சார் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எல்லாம் இதைப் பொறுத்தவை. சமதளமான, ஆளில்லாத இடத்தில் மிக லேசான கியரில் போட்டு, சங்கிலியில் விசையே ஏறாதபடி காலைச் சும்மா சுழற்றுங்கள். அப்போதும் வண்டி முழு வேகத்தில் இழுத்துக்கொண்டு போனால் உங்களிடம் இருப்பது சுழற்சி சென்சார். உதவி கிட்டத்தட்ட வராமலே இருந்தால் அது முறுக்குவிசை சென்சார்.

சுழற்சி சென்சாருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்: பெடல் சுற்றுகிறதா, இல்லையா. பெடலைத் தாங்கும் கையான கிராங்க்கின் அச்சில் காந்தங்கள் பதித்த வட்டத் தகடு ஒன்று இருக்கும். ஒவ்வொரு காந்தமும் கடக்கும்போது ஒரு துடிப்பு கன்ட்ரோலருக்குப் போகும். 12 காந்தங்கள் என்றால் 30 டிகிரிக்கு ஒரு துடிப்பு. கால் எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

முறுக்குவிசை சென்சார் அச்சில் ஏற்படும் நுண்ணிய முறுக்கத்தை அளந்து, அதற்கு விகிதமாக மோட்டாருக்கு மின்னோட்டம் கொடுக்கிறது. இந்தக் கருத்து புதியதல்ல. 1993இல் ஜப்பானில் யமஹா வெளியிட்ட ‘பாஸ்’ சைக்கிளே மிதிக்கும் விசையை அளந்து உதவியது. விலை மலிவான வண்டிகளில் சுழற்சி சென்சாரே அதிகம் வருகிறது. அதை முறுக்குவிசை சென்சாராக எந்த அமைப்பாலும் மாற்ற முடியாது. ஆனால் அதன் முரட்டுத்தனத்தை வெகுவாகக் குறைக்க முடியும்.

உதவியை மிகக் குறைந்த முதல் நிலையில் வைத்தாலும் வண்டி துள்ளுகிறது. என்ன செய்வது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 48 வோல்ட் பேட்டரி, 25 ஆம்பியர் உச்ச வரம்பு என்றால் மொத்தம் 1200 வாட். முதல் நிலைக்கு 20 சதவீதம் என்று வைத்திருந்தால் பெடல் அசைந்த உடனே பேட்டரியிலிருந்து 240 வாட் பாய்கிறது. சாதாரணமாக ஓட்டும் ஒருவர் தன் கால்களால் கொடுப்பது ஏறக்குறைய 100 வாட்தான். தன் பலத்தைப் போல இரு மடங்கு பலம் ஒரே நொடியில் பின்னாலிருந்து தள்ளினால் அதைத் துள்ளல் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

மாற்ற வேண்டியவை இரண்டு. ஒன்று, தொடக்க மின்னோட்டம். பாஃபாங் நிறுவனத்தின் பிபிஎஸ்02, பிபிஎஸ்எச்டி போன்ற, கிராங்க் அச்சருகே பொருத்தப்படும் நடு மோட்டார்களில் நிரல் கேபிளை இணைத்துக் கணினியில் திறந்தால், பெடல் உதவிக்கான பக்கத்தில் இது சதவீதமாக இருக்கும். 10 அல்லது அதற்கும் கீழே கொண்டுவாருங்கள். மற்றொன்று, மின்னோட்டம் எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்பதைக் கட்டுப்படுத்தும் மெதுவான தொடக்க நிலை. இதில் 1 முதல் 8 வரை எண்கள் உண்டு. 4, 5 பக்கம் வைத்தால் ஏற்றம் சீராக இருக்கும். மிகத் திடீரென்று ஏறும்படி வைத்தால் காலுக்கு மட்டுமல்ல, மோட்டாருக்குள் இருக்கும் பற்சக்கரங்களுக்கும் கன்ட்ரோலருக்கும் கெடுதல்.

சக்கர மோட்டாரோடு வரும் கேடி வகை கன்ட்ரோலர்களில் கேபிள் தேவையில்லை. டிஸ்ப்ளேயிலேயே பி, சி வரிசை அமைப்புகள் இருக்கும். பி3 என்பதை 1 ஆக மாற்றுங்கள். 0 என்றால் ஒவ்வொரு உதவி நிலையும் ஒரு வேகத்தைக் குறிக்கும். அந்த வேகத்தை எட்டும் வரை மோட்டார் முழு மூச்சாகப் பாயும். 1 என்றால் ஒவ்வொரு நிலையும் ஒரு மின்னோட்ட அளவைக் குறிக்கும். இந்த ஒரு மாற்றத்திலேயே வண்டியின் குணம் மாறிவிடும். கேடி கன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும் என்பேன். அதற்குப் பிறகும் உதவி போதாது, அல்லது கூடுதல் என்று தோன்றினால் சி14 இல் 1 முதல் 3 வரை உதவியின் பலத்தை மாற்றலாம். சி5 உச்ச மின்னோட்டத்தைக் குறைக்கும்.

உதவி நிலைகளுக்கு எப்படிச் சதவீதம் பிரிப்பது?

ஒன்பது நிலைகள் இருந்தால் 11, 22, 33 என்று சமமாகப் பிரித்து வைப்பது தொழிற்சாலைப் பழக்கம். பார்க்க ஒழுங்காக இருக்கிறது, ஓட்டும்போது சரியாக இருப்பதில்லை. ஒன்றாம் நிலையிலிருந்து இரண்டுக்குப் போனால் உதவி இரட்டிப்பாகிறது. எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போனால் வித்தியாசமே தெரிவதில்லை. உடல் உணர்வது கூட்டலை அல்ல, பெருக்கலை.

எனவே ஒவ்வொரு நிலையும் முந்தையதைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு இருக்கும்படி வையுங்கள்: 6, 9, 13, 19, 28, 40, 55, 75, 100. இப்படி வைத்தால் கீழ் நிலைகள் கால் வலுவுக்கு அருகிலேயே இருக்கும், நெரிசலில் மெதுவாகப் போக முடியும். மேல் நிலைகள் ஏற்றத்துக்கென்று ஒதுங்கிவிடும். அன்றாடம் ஓட்டும்போது 2 முதல் 5 வரையிலான நிலைகளுக்குள்ளேயே வேலை முடிந்துவிடுவதைக் காண்பீர்கள்.

நிலைக்குத் தனித்தனி வேக வரம்பும் வைக்கும் வசதி பல கன்ட்ரோலர்களில் உண்டு. அதை எல்லா நிலைகளுக்கும் 100 சதவீதமாக விட்டுவிடுவது நல்லது. குறைவாக வைத்தால் அந்த வேகத்தை எட்டியதும் மோட்டார் விட்டுவிட்டுப் பிடிக்கும். சமதளத்தில் ஓட்டும்போது ஓயாமல் குலுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மிதிக்கத் தொடங்கிய பின் உதவி வரத் தாமதமாகிறது. குறைக்க முடியுமா?

முடியும். மோட்டார் தொடங்குவதற்கு முன் எத்தனை துடிப்புகள் வர வேண்டும் என்று ஓர் எண் இருக்கும். 12 காந்தத் தகட்டில் அந்த எண் 6 என்றால் பெடல் அரைச் சுற்று சுற்றிய பிறகுதான் உயிர் வரும். ஏற்றத்தில் நின்று புறப்படும்போது அந்த அரைச் சுற்று மிக நீளமாக இருக்கும். எண்ணை 3 அல்லது 2 ஆகக் குறைத்தால் கால் சுற்றுக்குள் உதவி வந்துவிடும்.

அதற்கு மேல் குறைக்க நான் சொல்லமாட்டேன். சிக்னலில் நிற்கும்போது பெடலை வசதியான இடத்துக்கு நகர்த்துவது எல்லோரும் செய்வது. ஒரே துடிப்பில் மோட்டார் தொடங்கும்படி வைத்தால் அந்தச் சின்ன அசைவுக்கே வண்டி முன்னால் பாயும். முன்னால் ஆள் நின்றால் ஆபத்து.

தாமதம் அமைப்பால் வருகிறதா, பொருத்தியதில் உள்ள பிழையால் வருகிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். கிராங்க்கின் பின்னால் சட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மிகக் குறைந்த உதவி நிலையில் வைத்துவிட்டு, சங்கிலியிலும் சக்கரத்திலும் படாதபடி கையை வைத்துக்கொண்டு, பெடலை மெதுவாக முன்னோக்கிச் சுற்றுங்கள். மோட்டார் சக்கரத்தைத் தானாகச் சுழற்றத் தொடங்கிய இடத்தில் இன்னொரு கோடு. வேறு வேறு இடங்களிலிருந்து தொடங்கித் திரும்பச் செய்து பாருங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையிலான கோணம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால் அது அமைப்பு விஷயம். ஒருமுறை கால் சுற்று, மறுமுறை முக்கால் சுற்று என்று மாறி மாறி வந்தால் காந்தத் தகடு அச்சில் தளர்ந்திருக்கிறது, அல்லது சென்சாருக்கும் தகட்டுக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது. அந்த இடைவெளி சில மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தகட்டை இறுக்கி, சென்சாரை அருகே கொண்டுவந்தால் போதும். கணினியைத் தொடவே வேண்டாம்.

காலை நிறுத்திய பிறகும் மோட்டார் தள்ளுகிறதே?

கடைசித் துடிப்பு வந்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்து மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று கன்ட்ரோலரில் ஒரு நேரம் பதிந்திருக்கும். பாஃபாங் மென்பொருளில் அது 10 மில்லிநொடி அலகில் வரும். 25 என்றால் 250 மில்லிநொடி. அதாவது கால் நொடி. கேட்கச் சிறியதாகத் தோன்றினாலும், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதற்குள் 1.7 மீட்டர் போய்விடும்.

சரி, 2 என்று வைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் கவனம் தேவை. 12 காந்தத் தகட்டில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் இரண்டு துடிப்புகளுக்கு இடையே 83 மில்லிநொடி. 30 சுற்று என்றால் 167. 20 சுற்று என்றால் 250. காத்திருப்பு நேரம் இந்த இடைவெளியை விடக் குறைந்தால், நீங்கள் மிதித்துக்கொண்டே இருக்கும்போதே மோட்டார் நின்று நின்று ஓடும். அதுவும் ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கும் நேரத்தில், உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில். எனவே நீங்கள் மிதிக்கும் மிக மெதுவான சுற்று வேகம் எது என்று பார்த்து, அதற்குரிய இடைவெளிக்குச் சற்று மேலே வையுங்கள். உள்ளேயே சென்சார் உள்ள நடு மோட்டார்களில் ஒரு சுற்றுக்குத் துடிப்புகள் அதிகம் என்பதால் அவற்றில் இன்னும் கீழே போகலாம். ஐந்து ஐந்தாகக் குறைத்துக்கொண்டே வந்து, விட்டுவிட்டு ஓடும் அறிகுறி தெரிந்ததும் ஒரு படி மேலே ஏற்றிவிடுங்கள்.

எப்படிக் குறைத்தாலும் சுழற்சி சென்சார் வண்டிக்கு பிரேக் லீவரில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். இதில் பேரம் கூடாது.

வேகமாக மிதிக்கும்போது உதவி குறையலாமா, கூடலாமா?

குறைய வேண்டும் என்பதே என் எண்ணம். கால் வேகமாகச் சுற்றுகிறது என்றால் ஏற்றம் முடிந்துவிட்டது, வண்டி சுலபமாக ஓடுகிறது என்று பொருள். பாஃபாங்கில் இதற்கு இரண்டு அமைப்புகள் சேர்ந்து வேலை செய்கின்றன: எந்தச் சுற்று வேகத்திலிருந்து மின்னோட்டம் குறையத் தொடங்க வேண்டும் என்பது ஒன்று, குறைந்த பிறகு எத்தனை சதவீதம் மீதியிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை 8இல் வைத்தால் குறைப்பு மிகத் தாமதமாகவே தொடங்கும். 4 அல்லது 5க்குக் கொண்டுவந்து, மீதி மின்னோட்டத்தை 40 முதல் 60 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள். சுழற்சி சென்சார் வண்டியில் முறுக்குவிசை சென்சாருக்கு மிக அருகில் கொண்டுபோய் விடும் அமைப்பு இதுதான், ஆனால் இதைத் தொடுபவர்கள் குறைவு.

முறுக்குவிசை சென்சார் இருந்தும் வண்டி இயல்பாக இல்லை. ஏன்?

மனிதக் கால் சீராகத் தள்ளுவதில்லை. கிராங்க் கிடையாக இருக்கும்போது விசை உச்சம். செங்குத்தாக நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரு சுற்றுக்கு இரண்டு மேடு, இரண்டு பள்ளம். சென்சார் சொல்வதை மோட்டார் அப்படியே பின்பற்றினால் வண்டி விட்டு விட்டுத் தள்ளும். அதனால் மென்பொருள் அளவீடுகளைச் சராசரியாக்குகிறது. சராசரி எடுக்கும் நேரம் நீண்டால் தள்ளல் வழுவழுப்பாகும், ஆனால் தொடக்கமும் முடிவும் தாமதமாகும். குறுகினால் துரிதமாகும், ஆனால் துடிக்கும். உற்பத்தியாளர்கள் செலவழிக்கும் உழைப்பில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் போகிறது. ‘துரிதம்’, ‘இயங்குதன்மை’, ‘தொடக்க உணர்வு’ என்று செயலிகளில் வெவ்வேறு பெயரில் வரும் அமைப்புகள் இதையே தொடுகின்றன.

இன்னொரு காரணம் உடல் எடை. 70 கிலோ எடையுள்ளவர் 170 மில்லிமீட்டர் கிராங்க்கின் மேல் முழு எடையோடு ஏறி நின்றால் அச்சில் ஏறக்குறைய 117 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை விழும். அதே மனிதர் உட்கார்ந்து 75 சுற்றில் 150 வாட் கொடுக்கும்போது சராசரி 19 நியூட்டன் மீட்டர்தான். சென்சார் இந்தப் பரந்த எல்லை முழுவதையும் புரிந்துகொள்ள வேண்டும். லேசான உடல்வாகு கொண்டவருக்கு ஒரு வண்டி சோம்பலாகவும், கனத்த உடலுக்கு அதே வண்டி முரடாகவும் தோன்றுவது இதனால்தான். டோங்ஷெங் டிஎஸ்டிஇசட்2 மோட்டாருக்குத் தன்னார்வலர்கள் எழுதிய திறந்த மூல மென்பொருளில் சென்சாரை எடை வைத்து அளவு திருத்தும் வசதி இருக்கிறது. அதைச் செய்த வண்டிக்கும் செய்யாத வண்டிக்கும் வித்தியாசம் முதல் மிதியிலேயே தெரியும்.

பாஷ், ஷிமானோ போன்ற மோட்டார்களில் எதை மாற்றலாம்?

உள்ளே ஆழமாகப் போக விடமாட்டார்கள், விடுவதே போதுமானது. பாஷ் 2021இல் அறிமுகப்படுத்திய ஸ்மார்ட் சிஸ்டம் வண்டிகளில், மாற்றத்தக்க ஓட்ட முறைகளுக்கு ஃப்ளோ செயலி வழியாக உதவியின் அளவு, இயங்குதன்மை, உச்ச முறுக்குவிசை, உச்ச வேகம் ஆகிய நான்கையும் திருத்தலாம். ஷிமானோவின் இ-டியூப் செயலியில் இபி8 போன்ற மோட்டார்களுக்கு உதவியின் குணம், உச்ச முறுக்குவிசை, தொடக்கத் துரிதம் ஆகியவை உண்டு.

என் ஆலோசனை: உச்ச முறுக்குவிசையை முதலில் குறையுங்கள், உதவியின் அளவை அப்படியே விடுங்கள். 85 நியூட்டன் மீட்டர் கொடுக்கும் மோட்டாரை 50க்குக் கொண்டுவந்தால், லேசாக மிதிக்கும்போது கிடைக்கும் விகித உதவி மாறாது. ஊன்றும்போது வரும் முரட்டுப் பாய்ச்சல் மட்டும் நின்றுவிடும். பேட்டரியும் அதிக தூரம் தாங்கும்.

வண்டியை இயக்கும்போது பெடலில் கால் வைக்கக்கூடாது என்கிறார்களே, உண்மையா?

ஆம். பல முறுக்குவிசை சென்சார்கள் மின்சாரம் வந்த நொடியில் உள்ள விசையையே பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கின்றன. கால் அழுத்தியிருந்தால் அந்த அழுத்தம் பூஜ்யமாகிவிடும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் உதவி மந்தமாக இருக்கும். உதவி திடீரென்று குறைந்துவிட்டது என்று தோன்றினால், காலை எடுத்துவிட்டு அணைத்து மறுபடி இயக்கிப் பாருங்கள்.

கியருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. நடு மோட்டாரின் விசையும் கால் விசையைப் போலவே சங்கிலி வழியாகத்தான் போகிறது. கனமான கியரில் நிமிடத்துக்கு 40 சுற்று மிதித்தால் மோட்டாரும் திணறும், சூடாகும், உதவி இழுத்து இழுத்து வரும். 70 முதல் 90 சுற்றுக்குள் வைத்தால் அதே அமைப்பு வழுவழுப்பாக இருக்கும். அமைப்புகளை மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் கியரை ஒழுங்காக மாற்றி ஓட்டிப் பார்ப்பது பலருக்குப் போதுமானது.

வேக வரம்பை எட்டியதும் சுவரில் மோதியதுபோல் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் உதவி மணிக்கு 25 கிலோமீட்டரில் நின்றுவிட வேண்டும். ஜப்பானில் 10 கிலோமீட்டருக்கு மேல் உதவியின் விகிதம் படிப்படியாகக் குறைந்து 24இல் பூஜ்யமாக வேண்டும் என்பது விதி. ஜப்பானிய விதியின்படி குறையும் வண்டியில் வரம்பு வருவதே தெரியாது. கடைசி நொடி வரை முழு பலத்தோடு தள்ளிவிட்டுச் சட்டென்று விடும் மலிவான கன்ட்ரோலரில் அது பளிச்சென்று தெரியும். அந்த வேகத்தை நெருங்கும்போது உதவி நிலையை ஒன்று குறைத்துவிட்டால் இழப்பு சிறியதாகி, கால் அதை எளிதில் ஈடுகட்டும். டிஸ்ப்ளேயில் சக்கர அளவு சரியாகப் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வரம்பைத் தள்ளிவைக்கச் சக்கர அளவைப் பொய்யாகப் பதிப்பவர்கள் உண்டு. சட்டப்படி தவறு, வேகமானியும் தூரக் கணக்கும் பொய்யாகும், உதவி குறையும் இடமும் தாறுமாறாகும்.

எந்த வரிசையில் மாற்றிப் பார்ப்பது?

தொழிற்சாலை அமைப்புகள் எல்லாவற்றையும் முதலில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு முடிவை, அதாவது நிறுத்தும் நேரத்தை முதலில் சரிசெய்யுங்கள், அது பாதுகாப்பு. அடுத்து தொடக்கம், கடைசியில் நிலைகளின் சதவீதம். ஒருமுறைக்கு ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள். சோதிக்க எப்போதும் ஒரே ஏற்றம், ஒரே கியர், டயரில் ஒரே காற்று, பேட்டரியில் ஏறக்குறைய ஒரே அளவு சார்ஜ். முழு சார்ஜில் 54.6 வோல்ட் இருக்கும் 48 வோல்ட் பேட்டரி, தீரும் நேரத்தில் 42க்கு அருகில் வந்துவிடும். அதே ஆம்பியர் வரம்பில் பலம் நான்கில் ஒரு பங்கு வரை குறையும். இதைக் கவனிக்காமல் மாலையில் சோதித்தால் காலையில் மாற்றிய எண்ணைப் பழிப்பீர்கள்.

மிகக் குறைந்த வேகத்தில் ஒரு வட்டம் அடித்துப் பார்ப்பதுதான் நான் நம்பும் சோதனை. இரண்டு கார் அகலத்துக்குள், காலைத் தரையில் ஊன்றாமல், பிரேக்கை இழுத்துப் பிடிக்காமல் வட்டம் முடிந்தால் தொடக்கமும் முடிவும் சரியாக அமைந்துவிட்டன.

அமைப்பால் தீராத குறைகள் எவை?

கியர் உள்ள சக்கர மோட்டாருக்குள் ஒரு கிளட்ச் இருக்கிறது. மிதிக்காதபோது மோட்டார் சக்கரத்தைப் பிடித்து இழுக்காமல் காக்கிறது. ஒவ்வொரு தொடக்கத்திலும் அது பிடிப்பதற்குச் சிறு நேரம் எடுக்கும், லேசான தட்டலும் கேட்கும். அதை எண்ணால் நீக்க முடியாது. தளர்ந்த சங்கிலி, தேய்ந்த பற்சக்கரம் ஆகியவையும் அப்படியே. மோட்டாருக்கு மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும் பழைய சதுர அலை கன்ட்ரோலரின் கரகரப்பும் போகாது. அதற்கு, மின்சாரத்தைச் சீராக ஏற்றி இறக்கும் சைன் அலை கன்ட்ரோலர் மாற்றினால்தான் தீர்வு. உத்தரவாதம் நடப்பில் இருந்தால், கேபிள் இணைத்து மாற்றுவதற்கு முன் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள். டிஸ்ப்ளேயிலும் செயலியிலும் நிறுவனமே திறந்து வைத்திருக்கும் அமைப்புகளைத் தொடுவது வேறு, மென்பொருளையே மாற்றுவது வேறு. இரண்டாவதைச் செய்தால் உத்தரவாதம் போய்விடும் என்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள்.